ஃபார்மால்டிஹைடு நீங்கிய பின்னும் நீங்காதவை

கசங்காத பருத்தித் துணியைப் பற்றி இன்று எழுதுவோரும் பேசுவோரும் ஏறத்தாழ ஒரே முடிவில் வந்து நிற்கின்றனர். பருத்தியைக் கசங்காமல் வைத்திருக்க ஆலைகள் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த ரெசினைப் பயன்படுத்திவந்தன. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கும் பொருள். அதற்கு மாற்றாக எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் அதன் உறவுப் பொருள்களும் கண்டறியப்பட்டுவிட்டன. ஆகவே இனி வேண்டுவது ஆலை முதலாளிகளின் மனமாற்றம் ஒன்றுதான் என்பதே அந்த முடிவு. சட்டைக் காலரில் தொங்கும் விலை அட்டை முதல் ஆய்வேடுகளின் முன்னுரை வரை இக்கருத்து ஒரே வரிசையில், ஒரே உறுதியோடு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்த நான்கு கூற்றுகளில் முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது பாதி உண்மை, நான்காவது தவறு. பருத்தியைக் கசங்காமல் செய்வதால் துணிக்கும் சாயத்துக்கும் நீருக்கும் நேரும் கேடுகளில் பெரும்பாலானவை ஃபார்மால்டிஹைடால் வருபவை அல்ல. அமிலத்தையும் சூட்டையும் கொண்டு செல்லுலோஸைக் கட்டிப்போடும் வேலையோடு கூடப் பிறந்தவை. அந்த வேலையைச் செய்யும் பொருளை மாற்றினால் ஒரு நஞ்சு போகும். வேலையின் இயல்பு போகாது.

இது விளங்க வேண்டுமானால் துணி ஏன் கசங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பருத்தி இழையின் உடல் செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட இந்த நெடுஞ்சங்கிலியில் ஒவ்வோர் அலகும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளை, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, எளிதில் வினைபுரியும் முனைகளைத் தாங்கி நிற்கிறது. அருகருகே கிடக்கும் சங்கிலிகள் இம்முனைகளின் வழியே ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் மெல்லிய ஈர்ப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளில் இப்பற்று இறுக்கமானது. ஒழுங்கில்லாத பகுதிகளில் தளர்ந்தது. துணி மடங்கும்போது தளர்ந்த பகுதிகளில் சங்கிலிகள் வழுக்கி நகர, பழைய பிணைப்புகள் அறுந்து, நகர்ந்த இடத்திலேயே புதியவை உருவாகின்றன. இடையில் நீர் புகுந்தால் இந்த அறுதலும் கட்டலும் இன்னும் எளிதாகிவிடுகின்றன. வியர்வையில் நனைந்த சட்டையின் முதுகுப்புறம் மற்ற இடங்களைவிட மோசமாகக் கசங்குவது இதனால்தான். இஸ்திரிப் பெட்டியும் இதே வேலையைத்தான் தலைகீழாகச் செய்கிறது: ஈரத்தாலும் சூட்டாலும் பிணைப்புகளை அவிழ்த்து, துணி தட்டையாக இருக்கும் நிலையில் மறுபடி கட்டுகிறது. சங்கிலிகள் நகர்ந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவர வேண்டுமானால், அவற்றுக்கிடையே நீரால் அறுபடாத வலுவான வேதிப் பாலங்கள் வேண்டும். குறுக்குப் பிணைப்பு என்று ஜவுளி வேதியியல் இதையே சொல்கிறது. கசங்காப் பதனம் என்ற பெயரில் விற்கப்படும் முறைகளில் சலவைக்குத் தாங்குபவை ஏறக்குறைய எல்லாமே இந்த ஓர் உத்தியின் வேறுபாடுகள்தாம்.

ஃபார்மால்டிஹைடு இப்பாலத்துக்கு வாய்த்த மிக மலிவான பொருளாக இருந்தது. 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டூட்டல் பிராட்ஹர்ஸ்ட் லீ நிறுவனத்தின் வேதியியலாளர்கள், யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ரெசினை இழைக்குள்ளேயே உருவாக்கும் முறையைக் கொண்டுவந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலானும் பாலியெஸ்டரும் பருத்தியின் சந்தையைப் பறிக்கத் தொடங்கியபோது, நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க வேளாண் துறை நடத்திவந்த தெற்கு வட்டார ஆய்வகம், பருத்தி விவசாயத்தைக் காப்பாற்றும் பணியாகவே கசங்காப் பதனத்தைக் கையில் எடுத்தது. அதன்பின் நிலைபெற்றது, கிளையாக்சல், யூரியா, ஃபார்மால்டிஹைடு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாகும் டைமெத்திலால் டைஹைட்ராக்சி எத்திலீன் யூரியா என்னும் பொருள். பெயரின் நீளம் கருதி இதைக் கிளையாக்சல் ரெசின் என்பதே வசதி. துணியை இக்கரைசலில் தோய்த்து, பேடிங் மேங்கிளின் உருளைகளுக்கிடையே பிழிந்து, ஸ்டென்டர் என்னும் சூட்டு எந்திரத்தில் உலர்த்தி, மெக்னீசியம் குளோரைடை வினையூக்கியாகக் கொண்டு 150 அல்லது 160 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தால், ரெசின் மூலக்கூறு இருபுறமும் இரு செல்லுலோஸ் சங்கிலிகளைப் பற்றி ஈதர் வகைப் பாலமாகிறது. ஈதர் பிணைப்பு சலவைத்தூளின் காரத்துக்கு அசையாது. மலிவு, குறைந்த சூடு, சலவைக்குத் தாங்கும் உறுதி ஆகிய மூன்றும் ஒரே பொருளில் அமைந்ததால்தான் அது அரை நூற்றாண்டுக்கு மேல் அரசாண்டது. முதலாளிகளின் பிடிவாதம் அதற்குக் காரணமன்று.

அதன் குற்றமும் சிறியதன்று. ரெசினின் நைட்ரஜனோடு ஃபார்மால்டிஹைடு சேர்ந்திருக்கும் இணைப்பு ஒருவழிப் பாதையன்று. ஈரமும் வெப்பமும் அமிலமும் கூடும் நேரத்தில் அது பிரிந்து, ஃபார்மால்டிஹைடு வாயுவாக வெளிவரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதே 2004இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஃபார்மால்டிஹைடு ரெசின் ஏற்றிய துணியைத் தைத்த மூன்று ஆடைத் தொழிற்சாலைகளின் 11,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டது. அதில் மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய் இறப்பு எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாக இருந்தது, வெளிப்பாடு மிகுந்திருந்த தொடக்க ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களிடத்தும் நீண்ட காலம் உழைத்தவர்களிடத்தும் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆப்பிளிலும் பேரிக்காயிலும்கூட இயற்கையாகவே ஃபார்மால்டிஹைடு இருக்கிறதே என்று தொழில்துறைத் தரப்பில் அவ்வப்போது எழும் சமாதானம் இத்தொழிலாளர்களின் முன் எடுபடாது. பழத்தைத் தின்பவர் தையல் மேசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் அதன் ஆவியை முகர்வதில்லை.

ஆனால் இந்த ஆய்வு எங்கே கைகாட்டுகிறது என்பதை மாற்றுப் பதனத்தின் ஆதரவாளர்கள் கவனிக்கத் தவறுகின்றனர். அது கைகாட்டுவது தொழிற்கூடத்தின் காற்றை. உடுத்துபவரின் தோலில் நேரும் ஆபத்து பெரும்பாலும் ஒவ்வாமை வகையைச் சேர்ந்தது, அதுவும் அளவோடு குறைவது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2010இல் சோதித்த 180 ஜவுளிப் பொருள்களில், பிற நாடுகள் விதித்திருந்த மிகக் கடுமையான வரம்பைத் தாண்டியவை 10 மட்டுமே. இதற்குக் காரணம் ஆலைகள் அமிலப் பதனத்துக்கு மாறியதன்று. கிளையாக்சல் ரெசினை மெத்தனாலோடும் டைஎத்திலீன் கிளைக்காலோடும் வினைபுரியச் செய்து அதன் தளர்ந்த முனைகளை மூடியதும், பதனத்துக்குப் பின் துணியை அலசத் தொடங்கியதும், ஸ்டென்டரின் வெளியேற்று விசிறிகளைச் சீர்செய்ததும்தான். முற்காலத் துணிகளில் ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருந்த அளவு, இம்மாற்றங்களால் நூறுக்கும் அதற்குக் கீழும் இறங்கியது. பெரிய வெற்றி எனச் சொல்லத்தக்க இந்த இறக்கத்தைப் பற்றி விலை அட்டைகள் பேசுவதில்லை. ‘குறைத்தோம்’ என்பதைவிட ‘இல்லை’ என்பதே விற்கும்.

இனி முதன்மையான தவறுக்கு வரலாம். கசங்காப் பதனம் ஏற்ற துணி சீக்கிரம் கிழிகிறது, காலர் ஓரமும் கைம்மடிப்பும் முதலில் தேய்ந்து நூல் பிரிகின்றன என்பது சட்டை அணியும் எவரும் அறிந்த உண்மை. இழுவலிமை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவது இத்துறையில் வழக்கமான இழப்பு. இதையும் ஃபார்மால்டிஹைடின் கணக்கிலேயே எழுதி, அமிலப் பதனம் ‘இழையைக் காக்கும்’ என்று பலர் எழுதுகின்றனர். பருத்தியின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கூற்று நிற்காது. தேர்வடத்தை இழுக்கும்போது ஒரு புரியில் சுமை கூடினால் அது சற்று நெகிழ்ந்து பக்கத்துப் புரிக்குச் சுமையைக் கடத்துகிறது. புரிகளை இடையிடையே முடிச்சிட்டு அசையாமல் கட்டிவிட்டால் சுமை ஓரிடத்தில் குவிந்து அங்கே அறுபடும். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கும் இதுவே நேர்கிறது. மடிப்பிலிருந்து மீளச் செய்யும் அதே பாலங்கள், இழுக்கும்போது சங்கிலிகள் நழுவிச் சுமையைப் பகிர்ந்துகொள்வதையும் தடுக்கின்றன. பாலமாக நிற்பது ஃபார்மால்டிஹைடு ரெசினா, கரிம அமிலமா என்பது இங்கே பொருட்டன்று.

பரிசோதனை மேசையில் இதைக் கண்ணால் காணலாம். 40 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் உள்ள துணித்துண்டை இரண்டாக மடித்து, 500 கிராம் எடையின் கீழ் 5 நிமிடம் வைத்து, எடையை எடுத்தபின் இன்னும் 5 நிமிடம் விட்டு, மடிப்பு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்று கோணமானியில் பார்க்கின்றனர்; பாவு திசையிலும் ஊடை திசையிலும் கிடைத்த கோணங்களைக் கூட்டினால் கசங்கல் மீட்சிக் கோணம். பதனம் இல்லாத வெள்ளைப் பருத்தி இருநூறை எட்டவே திணறும். நல்ல பதனம் ஏற்றியது இருநூற்றைம்பதைத் தாண்டும். அதே துணியின் இன்னொரு துண்டை இழுவிசைப் பொறியின் தாடைகளில் மாட்டினால், கோணம் ஏறிய அளவுக்கு வலிமை இறங்கியிருப்பது தெரியும். ரெசினை மாற்றி, வினையூக்கியை மாற்றி, ஆயிரம் கலவைகளைப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் இந்த இரு எண்களுக்கிடையிலான இழுபறியைச் சற்றே தளர்த்தியிருக்கின்றனர், ஒழித்தவர் எவருமில்லை.

ஃபார்மால்டிஹைடு இதில் குற்றவாளி அல்ல என்பதற்கு மிக நல்ல சான்றைத் தந்ததே ஃபார்மால்டிஹைடு இல்லாத பதனங்கள்தாம். ஈதர் பாலத்தைக் காரத்தால் எளிதில் அவிழ்க்க முடியாது. அமிலப் பதனம் உண்டாக்கும் எஸ்டர் பாலத்தை, அதாவது கரிம அமிலமும் செல்லுலோஸின் ஹைட்ராக்சிலும் நீரை விட்டு இணையும் பாலத்தை, காஸ்டிக் சோடாக் கரைசலில் முற்றிலும் அறுத்துவிடலாம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் யாங்கும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் இதைச் செய்து பார்த்தனர். பாலங்களை அறுத்தபின் இழந்த வலிமையில் ஒரு பகுதி திரும்பிவந்தது. மற்றொரு பகுதி வரவேயில்லை. திரும்பியது பாலங்களின் இறுக்கத்தால் போன வலிமை. திரும்பாதது, சூட்டில் அமிலம் செல்லுலோஸ் சங்கிலியையே துண்டுபடுத்தியதால் போனது. ஒரு துளி ஃபார்மால்டிஹைடு இல்லாமலே துணி வலிமையை இழந்தது, அதுவும் இரு வழிகளில். இச்சான்று கால் நூற்றாண்டுக்கு மேலாக அச்சில் கிடக்கும்போதே, இழைக்குக் கேடில்லாத பதனம் என்று விற்பனைத் தாள்கள் எழுதிவருவதை அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடக்க இயலாது.

சிட்ரிக் அமிலத்தைச் சூழ்ந்துள்ள எலுமிச்சை மணம் தனியாகக் கவனிக்கத்தக்கது. எலுமிச்சையில் இருப்பது துணிக்குத் தீங்கு செய்யாது என்னும் வாதத்துக்கு முதற்கண் ஒரு சிறு திருத்தம்: சந்தையில் மூட்டைக்கணக்கில் விற்கும் சிட்ரிக் அமிலம் எலுமிச்சையைப் பிழிந்து எடுக்கப்படுவதன்று, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கருப்புப் பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து நூறாண்டுகளுக்கும் மேலாக அது தயாரிக்கப்படுகிறது. அதில் இழிவேதும் இல்லை. கவனிக்க வேண்டியது, அந்த அமிலம் துணியின்மேல் சிட்ரிக் அமிலமாகவே இருப்பதில்லை என்பதுதான். பாலம் அமைய வேண்டிய 170, 180 டிகிரிச் சூட்டில், அதன் நடுக்கரியில் உள்ள ஹைட்ராக்சில் ஒரு நீர் மூலக்கூறாகக் கழன்றுபோக, அக்கோனிடிக் அமிலம் போன்ற இரட்டைப் பிணைப்புடைய பொருள்கள் பிறக்கின்றன; இவை நிறமுள்ளவை, அல்லது நிறமுள்ளவற்றுக்கு வழிவிடுபவை. வெள்ளைச் சட்டைத்துணி பழுப்பேறி வெளிவருகிறது. இதை மறைக்க வெண்மைப்படுத்தும் ஒளிர்பொருள்களைச் சேர்ப்பதும், மறுபடி பெராக்சைடில் வெளுப்பதும், ட்ரைஎத்தனாலமைன் போன்ற துணைப்பொருள்களைக் கரைசலில் கலப்பதும் வழக்கமாயின. இயற்கையான ஒற்றைப் பொருள் என்று தொடங்கியது நான்கைந்து பொருள்களின் கலவையாக முடிகிறது. அத்துடன், மூன்றே அமில முனைகள் கொண்ட சிட்ரிக் அமிலத்தின் பாலங்கள் சலவைத்தூளின் காரத்தில் விரைவாக அவிழ்வதால், சில சலவைகளுக்குப் பின் துணி மறுபடி கசங்கத் தொடங்கிவிடுகிறது. மலிவு என்ற ஒரே நற்குணத்துக்காக ஆய்விதழ்களில் சிட்ரிக் அமிலம் இவ்வளவு இடம்பிடித்திருப்பது வியப்பே.

மெய்யான போட்டியாளர் பியூட்டேன் டெட்ராகார்பாக்சிலிக் அமிலம், சுருக்கமாகப் பிடிசிஏ. நான்கு கரிகளின் வரிசையில் கரிக்கொன்றாக நான்கு அமில முனைகள் கொண்ட இப்பொருளை, நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தின் கிளார்க் வெல்ச் 1988இல் சோடியம் ஹைப்போபாஸ்பைட் என்னும் வினையூக்கியோடு சேர்த்து அறிமுகப்படுத்தினார். சூட்டில் அடுத்தடுத்த இரு அமில முனைகள் நீரை விட்டு ஐந்து அணு வளையமாகிய அன்ஹைட்ரைடாக மூடிக்கொள்கின்றன. அந்த வளையத்தைச் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தாக்கித் திறக்க, எஸ்டர் உருவாகிறது. நான்கு முனைகள் இரண்டு சோடிகளாவதால் இருபுறமும் பிடி கிடைக்கிறது. கசங்கல் மீட்சியிலும் சலவைக்குத் தாங்குவதிலும் இது கிளையாக்சல் ரெசினுக்கு அருகில் வந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. அந்த வேதியியல் அழகானதும்கூட. எனினும் அறிமுகமாகி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஆலைகளில் ஏன் பரவவில்லை என்ற கேள்விக்கு விலை ஒன்றையே பதிலாகச் சொல்லி முடித்துவிடுகின்றனர். விலை உண்மையான தடைதான். பியூட்டாடீனையும் மாலியிக் அன்ஹைட்ரைடையும் இணைத்து, கிடைத்ததை ஆக்சிஜனேற்றத்தால் உடைத்துச் செய்யப்படும் பிடிசிஏ, பெட்ரோலிய வேதியியலின் விலையுயர்ந்த பிள்ளை. அதற்கும் எலுமிச்சைக்கும் தொடர்பில்லை. ஆயினும் விலை ஒருநாள் பாதியாகக் குறைந்தாலும் தீராத மூன்று தடைகள் அதன் வினையூக்கியிலும் பிணைப்பிலும் இருக்கின்றன.

சோடியம் ஹைப்போபாஸ்பைட் ஆற்றல்மிக்க ஒடுக்கி, அதாவது பிற பொருள்களுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துத் தான் ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள். மின்சாரமின்றி நிக்கல் முலாம் பூசும் தொட்டிகளில் நிக்கல் அயனியை உலோகமாக்குவது இதுதான். நிக்கலை உலோகமாக்கும் பொருள் 180 டிகிரியில் சாயத்தின்மேல் சும்மா இருக்குமா? கந்தகச் சாயங்களும் ரியாக்டிவ் சாயங்களில் சிலவும் பதனத்துக்குப் பின் நிறம் பிறழ்கின்றன. மாதிரித் துண்டுக்கும் முழு லாட்டுக்கும் நிறம் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்குபவர் சரக்கையே திருப்பிவிடும் தொழிலில், இது சிறு குறையன்று. இதே பொருள் மெத்தாம்பெட்டமின் என்னும் போதைப்பொருள் தயாரிப்பிலும் பயன்படுவதால் அமெரிக்கா 2001இல் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது என்பது இங்கே போகிறபோக்கில் சொல்லத்தக்க செய்தி. பசுமைப் பதனத்தின் துண்டறிக்கைகளில் அது காணப்படுவதில்லை.

இரண்டாவது தடை கழிவுநீர். வெல்ச் காலத்துக் கலவைகளை ஒட்டி, கரைசலில் 6.5 சதவீதம் ஹைப்போபாஸ்பைட் இருப்பதாகவும், துணி தன் எடையில் 80 சதவீதம் கரைசலை உறிஞ்சுவதாகவும் கொண்டால், ஒரு டன் துணியில் 52 கிலோ ஹைப்போபாஸ்பைட் ஏறுகிறது. அதன் எடையில் ஏறத்தாழ 29 சதவீதம் பாஸ்பரஸ் ஆதலால், டன் துணிக்கு 15 கிலோ பாஸ்பரஸ். வினையூக்கி வினையில் தீர்ந்துபோகும் பொருளன்று. அதில் பெரும்பகுதி ஆலையின் அலசலிலோ வாங்கியவர் வீட்டு முதற்சலவையிலோ நீரில் இறங்கும். ஏரி குளங்களில் பாசி மண்டி ஆக்சிஜன் குறைந்து மீன் சாவதற்குப் பாஸ்பரஸ் காரணம் என்பதால்தான் பல நாடுகள் சலவைத்தூளிலிருந்தே அதை விலக்கின. கழிவுநீரில் பாஸ்பரஸை நீக்கச் சுண்ணாம்போ படிகாரமோ இட்டுப் பாஸ்பேட்டாகப் படியவைப்பது வழக்கம். ஹைப்போபாஸ்பைட்டோ கால்சியத்தோடு சேர்ந்தாலும் கரைந்தே நிற்கும், முதலில் அதைப் பாஸ்பேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். நொய்யல் ஆற்றின் பொருட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடவைத்ததைக் கண்ட கொங்கு வட்டாரத்தில், கழிவுநீர்ப் பக்கத்தைப் பார்க்காமல் ஒரு வேதிப்பொருளைச் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. அங்கே வழக்கு எழுந்தது நிறத்தை மட்டும் முன்னிட்டன்று. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த உப்பும் வழக்கின் பொருளாயிருந்தது.

மூன்றாவது, காரத்தில் அவிழும் எஸ்டரின் இயல்பு. முன்னரே அதைப் பார்த்தாயிற்று. பிடிசிஏ சிட்ரிக் அமிலத்தைவிட நன்றாகத் தாங்குகிறது, எனினும் ஈதர் அளவுக்கு அன்று. இதோடு கிளையாக்சல் ரெசினுக்குப் போதுமான சூட்டைவிட 20 டிகிரி கூடுதல் சூடு வேண்டும் என்பதையும் சேர்த்தால், ஸ்டென்டரின் எரிபொருள் கணக்கும் இழையின் சிதைவுக் கணக்கும் ஒருசேர ஏறுகின்றன.

ஃபார்மால்டிஹைடு இல்லாத மற்ற வழிகளை விரைவாகவே கடக்கலாம். யூரியாவுக்குப் பதில் டைமெத்தில் யூரியாவைக் கிளையாக்சலோடு சேர்த்துச் செய்யும் ரெசினில் ஃபார்மால்டிஹைடு அறவே இல்லை. வினைபுரியும் ஆற்றலும் அந்த அளவுக்குக் குறைவு, ஆகவே கூடுதல் ரெசினும் வலிய வினையூக்கியும் வேண்டும். அதன் மூலப்பொருளான கிளையாக்சலே தோல் ஒவ்வாமை உண்டாக்குவது. ஐரோப்பிய வகைப்பாட்டில் மரபணுச் சேதம் விளைவிக்கும் ஐயத்துக்குரிய பொருள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்ட அயனிப் பாலங்கள், நேர்மின்னும் எதிர்மின்னும் கொண்ட முனைகளைச் செல்லுலோஸில் ஒட்டி அவற்றின் ஈர்ப்பால் கட்டும் முறை. வலிமை இழப்பு குறைவு என்ற வகையில் இது மதிக்கத்தக்க சிந்தனை. ஆனால் எதிர்மின் முனையை ஒட்டப் பயன்பட்ட குளோரோஅசெட்டிக் அமிலம் தோலில் பட்டாலே உடலுக்குள் ஊடுருவும் கொடிய நஞ்சு. விலை அட்டையில் இந்த இரண்டுக்கும் ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்று தாராளமாக அச்சிடலாம். அச்சிட்டது பொய்யும் ஆகாது.

அந்த ‘இல்லாதது’ எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ஒரு முறையில், துணியை நறுக்கி 40 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த நீரில் அசெட்டைல்அசிட்டோன் கரைசலைச் சேர்க்கின்றனர். ஃபார்மால்டிஹைடு இருந்தால் நீர் மஞ்சளாகும், மஞ்சளின் அடர்த்தியை நிறமானி அளக்கும். இன்னொரு முறையில், மூடிய கண்ணாடிக் குடுவையில் நீருக்கு மேலே துணியைத் தொங்கவிட்டு 49 டிகிரியில் 20 மணி நேரம் வைத்து, ஆவியாகி நீரில் கரைந்ததை அளக்கின்றனர். முதலாவது, துணியில் தனித்து நிற்கும் ஃபார்மால்டிஹைடைக் காட்டும். இரண்டாவது, ரெசின் சிதைந்து வெளிவரக்கூடியதையும் சேர்த்துக் காட்டும். ஒரே துணி முதல் முறையில் தேறி, இரண்டாவதில் தோற்பது அடிக்கடி நடக்கும். கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நீர்வடிப்பு முறையில் ‘கண்டறியப்படவில்லை’ என்றே அறிக்கை எழுதப்படும். நன்றாக அலசப்பட்ட கிளையாக்சல் ரெசின் துணியும், ரெசினே காணாத துணியும் ஒரே சொல்லின் கீழ் வந்து நிற்பதற்கு இதில் இடமுண்டு. கசங்காப் பதனமே தேவைப்படாத பின்னலாடைக் குழந்தைச் சட்டைகளில்கூட ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று பெருமையோடு அச்சிடுவது இந்தக் குழப்பத்தின் கடைசிப் படி.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். குறைகள் இருக்கட்டும், உறுதிப்பட்ட புற்றுநோய்க் காரணியை நீக்கிவிட்டுப் பாசியையும் பழுப்பையும் ஏற்பது எப்படிப் பார்த்தாலும் முன்னேற்றமல்லவா என்பது அது. ஒப்பிடப்படுபவை சமமாக இருந்தால் இவ்வாதம் வெல்லும். அமிலப் பதனத்தை 1960களின் யூரியா ரெசினோடு நிறுத்தி ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஒப்பிட வேண்டியதோ முனை மூடப்பட்ட, அலசப்பட்ட, புகைபோக்கி சரியாக வேலைசெய்யும் கூடத்தில் ஏற்றப்பட்ட இன்றைய கிளையாக்சல் ரெசினோடு. ஐரோப்பிய ஒன்றியம் 2020 நவம்பர் முதல் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்று விதித்த வரம்புக்குள் இந்த ரெசினால் நிற்க முடிகிறது. அப்படி நிறுத்திப் பார்த்தால் போட்டி புற்றுநோய்க்கும் பாசிக்கும் இடையே அன்று; கட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு கேட்டுக்கும் இன்னும் எவரும் கட்டுக்குள் வைக்க முனையாத பல கேடுகளுக்கும் இடையே.

இதே காரணத்தால், அமிலப் பதனத்தின் குறைகளை எடுத்துக்காட்டிப் பழைய மலிவு ரெசினிலேயே தங்கிவிட நினைக்கும் ஆலைத் தரப்பும் இவ்வாதத்தைத் தனக்குத் துணையாகக் கொள்ள முடியாது. கட்டுக்குள் வைத்தல் என்பது அலசும் தொட்டிக்கும் விசிறிக்கும் காற்றுச் சோதனைக்கும் செலவழித்தவருக்கு மட்டுமே உரிய வாதம். அமெரிக்கா 1992 முதல் தொழிற்கூடக் காற்றில் பத்து இலட்சத்தில் 0.75 பங்கு என்னும் வரம்பை வைத்திருக்கிறது. ஏற்றுமதித் துணிக்கு வாங்குபவர் கேட்கும் சான்றிதழ்களோ துணியைச் சோதிக்கின்றனவேயன்றி, அதைச் சூடாக்கிய கூடத்தையும் தைத்த மேசையையும் பெரும்பாலும் சோதிப்பதில்லை. கரூரிலிருந்து கப்பலேறும் படுக்கை விரிப்பு அக்கரையில் சோதனையில் தேறிவிடலாம். அதன் ஆவி இக்கரையிலேயே கழிந்திருக்கும்.

பாலங்களின் எண்ணிக்கையையே குறைக்க வழியுண்டா என்பது இந்த விவாதத்தில் இருக்கவேண்டிய, ஆனால் அரிதாகவே எழும் கேள்வி. மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவ அம்மோனியாவில் துணியைச் சில நொடிகள் தோய்த்தால் இழை உப்பி, உள்ளிறுக்கம் தளர்ந்து உருண்டையாகிறது. அத்தகைய துணிக்குக் குறைந்த ரெசினே போதும், வலிமையும் கூடுதலாக எஞ்சுகிறது. ஜப்பானிய ஆலைகள் உயர்ரகச் சட்டைத்துணிக்கு இதைக் கையாண்டுவந்துள்ளன. மூடிய எந்திரமும் அம்மோனியாவை மீட்கும் ஏற்பாடும் வேண்டுமாதலால் முதலீடு பெரிது. எலுமிச்சைப் படம் போட்டு விற்கவும் முடியாது. சிலிக்கோன், பாலிஎத்திலீன் மென்மையூட்டிகளைச் சேர்த்து நூல்களிடையே உராய்வைக் குறைப்பதும் மீட்சியைச் சில டிகிரி உயர்த்தும். கிழிவலிமையை ஓரளவு மீட்டும் தரும்.

ஆகவே ஒரு பதனத்தை மதிப்பிடக் கேட்க வேண்டியவை வேறு: இருபது சலவைக்குப் பின் கசங்கல் மீட்சிக் கோணம் எவ்வளவு, அப்போது ஊடை திசையில் கிழிவலிமை எவ்வளவு, டன் துணிக்குப் பாஸ்பரஸ் எத்தனை கிலோ நீரில் இறங்குகிறது, ஸ்டென்டர் வாயிலில் நிற்பவரின் மூச்சு உயரத்தில் காற்றில் என்ன இருக்கிறது. கோணமானியும் கிழிவலிமைப் பொறியும் நிறமானியும் உள்ள எந்த ஜவுளிச் சோதனைக்கூடமும் முதல் மூன்றுக்கும் விடை தந்துவிடும். நான்காவதற்குத் தொழிலாளியின் சட்டைக் காலரில் காற்றை உறிஞ்சும் ஒரு சிறு குழாயைக் குத்தி, ஷிப்ட் முடியும் வரை விட்டுவைக்க வேண்டும்.